சேலத்துக் குழாயடியும் சில சொற்களும்



ஒரு நகரத்தின் வரலாறு என்றவுடன் கோட்டையும் கல்வெட்டும் நினைவில் எழுகின்றன. ஆயினும் 1866இல் நகராட்சியாகி, 1994இல் மாநகராட்சியாக உயர்ந்த சேலத்தின் வாழ்வை அறியக் குழாயடிக்குச் செல்வதே நேர்வழி.

1911இல் அமைந்த பனமரத்துப்பட்டி ஏரி இந்நகருக்குக் குடிநீர் தந்தது. 1917இல் நகராட்சித் தலைவரானார் வழக்கறிஞர் இராஜகோபாலாச்சாரியார். அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் பணியில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவரை அவர் அமர்த்தினார். எதிர்ப்பு எழுந்தது, ஆனால் தண்ணீரின்றி எத்தனை நாள் வீம்பு பேச இயலும்? அண்டையிலிருந்த ஈரோட்டில் அதே காலத்தில் நகராட்சித் தலைவராக இருந்தவர் ஈ.வெ. இராமசாமி. அவருடைய அக்கறையும் குடிநீர்த் திட்டத்தின் மீதே இருந்தது. பின்னாளில் எதிரெதிர்த் திசைகளில் நடந்த இரு நண்பர்களும் ஒரே காலத்தில் குழாய்க் கணக்குப் பார்த்தவர்கள் என்பது சுவையான செய்தி. அக்கிரகாரத்துக் குழாயைத் திறந்தவரோ, இக்கதை சொல்லப்படும் இடங்களில் பெயரின்றியே நிற்கிறார். அன்று வசையைத் தாங்கியவர் அவர்தாம்.

நகராட்சிப் பதவிக்கு ஓராண்டு முன்னர், 1916இல், இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினர். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் காண்பது அதன் நோக்கம். இம்முயற்சியைக் கவனித்து எழுதிய பாரதியார், சங்கத்தின் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்ததற்கு வருந்தினார். அவ்வருத்தம் நியாயமானதே. எனினும் இக்கலைச்சொல் முயற்சி பல்கலைக்கழகத்திலன்றி, மாவட்டத் தலைநகர் ஒன்றில் கருக்கொண்டது என்பதைச் சேலத்தார் அதிகம் பேசுவதில்லை.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தோன்றியது. அங்கிருந்து 1929இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' இதழ் வெளிவந்தது. துணை நின்று நடத்தியவர் கல்கி. வந்தவை பத்து இதழ்களே. 1937 அக்டோபர் முதல் நாள், மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள்ளுக்கடை மூடிய மாலை ஒரு குடிசைக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது.

மோகனூரில் 1888இல் காவலர் ஒருவரின் மகனாகப் பிறந்த இராமலிங்கம் பிள்ளை, முதலில் ஓவியர்; பிறகே கவிஞர். 1949இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானபோதும் அவர் பெயருக்கு முன் நின்றது நாமக்கல்தான். அந்த நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்.

ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் 'பொன்முடி'யாகத் திரைக்கு வந்தது அங்கிருந்துதான் என்பதைக் கவிஞர்களுக்கு நினைவூட்டினால் போதும். இன்று எஞ்சியிருப்பது நுழைவு வளைவு.

சங்கத்தார் வேதியியலுக்குச் சொல் தேடிய நாள்களில், குகையிலும் அம்மாப்பேட்டையிலும் நெசவாளர் நாவில் பாவு, ஊடை, நாடா, அச்சு, படமரம் என்று ஒரு தொழிலுக்குரிய முழு அகராதியும் புழங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்குத் தனிச் சொற்கள் உண்டு. பிற ஊரார் மரவள்ளி என்பதை இவ்வட்டாரத்தார் குச்சிக்கிழங்கு என்பர். நாமக்கல்லில் லாரிக்குப் 'பாடி கட்டுவார்கள்'. அத்தொடரில் பாதி ஆங்கிலம், பாதி வீடு கட்டும் தமிழ். இச்சொற்களை ஆண்டவர்கள் முதியோராகி வருகின்றனர். பத்தாண்டு கண்ட வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும், தத்தம் தெருவில் ஒரு தறிக்கூடத்துக்கோ பட்டறைக்கோ சென்று, சொல்லையும் சொன்னவரின் பெயரையும் சேர்த்தே எழுதிவரலாம். அடுத்த மலருக்கு அதுவே முதற் கட்டுரையாகட்டும்.