காடும் ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே! அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டுமாக!



பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைப் பார்க்குமாறு திருக்குர்ஆன் (29:20) நம்மைப் பணிக்கின்றது. எறும்பு, தேனீ, யானை ஆகியவற்றின் பெயர்களில் அத்தியாயங்களைக் கொண்ட வேதம் நம்முடையது. ‘ஃபீல்’ அத்தியாயத்தைப் பிழையின்றி ஓதும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர், குட்டியை நடுவில் விட்டு நடந்து செல்லும் யானைக் கூட்டத்தைக் காட்டில் கண்டிருக்கின்றார்கள்? கைப்பேசியில் காண்பது காட்சி. நேரில் காண்பதோ அத்தாட்சி!

பெருநாள் விடுமுறையில் உதகைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. அதே நீலகிரியில் இருக்கின்றது முதுமலை. 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. மாயாற்றின் கரையில் யானையும் புலியும் காட்டெருமையும் புள்ளிமானும் வாழ்கின்றன. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையின் வாகனத்தில் சென்று பார்க்கலாம். பிள்ளைகளுடன் அவசியம் சென்று வாருங்கள்.

ஆனால், ‘பூங்கா’ என்ற பெயரைக் கேட்டு, ஊஞ்சல் கட்டி விளையாடும் இடமென எண்ணிவிடாதீர்கள். விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் (6:38) கூறுகின்றான். அங்கே அவையே வீட்டார், நாம் விருந்தாளிகள். மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை செய்யப்பட்ட புனித எல்லையாக மதீனாவை அறிவித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் அல்லவா!

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தியை நாம் அறிவோம் (புகாரி, முஸ்லிம்). நாம் உண்டுவிட்டு எறியும் பிளாஸ்டிக் பையில் உணவின் மணம் இருக்கின்றது. மான் அதைத் தின்கின்றது. அது செரிப்பதில்லை, இரைப்பையை அடைத்துக்கொள்கின்றது. வயிறு நிறைந்திருந்தும் அந்த மான் பட்டினியால் மாள்கின்றது. கயிறு கொண்டு கட்டினால்தான் பாவமா? சிந்தியுங்கள்!

ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிட்டார்கள். எறும்புப் புற்றொன்று எரிக்கப்பட்டிருந்ததையும் கண்டித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. ஒரு புற்றை எரித்ததற்கே கண்டனம் என்றால், கோடையில் அணைக்காமல் எறியும் ஒரு பீடித் துண்டால் காடே எரியுமாயின், நாளை மறுமையில் நாம் என்ன பதில் சொல்வோம்?

எனவே, வாகனத்தில் ஏறும் முன்பே தொழுகையை நிறைவேற்றிக் கொள்ளுங்கள். காட்டினுள் இறங்காதீர்கள், சத்தமிடாதீர்கள். குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடாதீர்கள். அவற்றின் உணவை அல்லாஹ் அங்கேயே வைத்திருக்கின்றான். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். யானையைக் கண்டதும் பிள்ளைகளின் நாவில் ‘சுப்ஹானல்லாஹ்’ எழட்டும். ஒன்றும் தென்படாவிட்டாலும் வருந்தாதீர்கள். மரமும் ஆறும் அவனுடைய அத்தாட்சிகளே.

படைப்பைக் கண்டு படைத்தவனை அறியும் பாக்கியத்தையும், அவன் ஒப்படைத்த அமானிதத்தைக் காக்கும் நல்லுணர்வையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.