வீட்டுக்கடனும் திவால் நிலையும்: அடிக்கடி எழும் சட்டக் கேள்விகள்



ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கடன் தவணையைச் செலுத்த இயலாதோர் பலர் கேட்கும் முதற்கேள்வி, "திவால் அறிவித்தால் வீடு தப்புமா?" என்பதாகும். பெரும்பாலும் தப்பாது. திவாலானவருக்கு வீட்டிலுள்ள பங்கு சொத்துப் பொறுப்பாளரைச் சென்றடையும். வீட்டை ஈடாகப் பெற்ற வங்கியின் உரிமையும் குறையாது. திவால் நிலை வழமையாக 3 ஆண்டுகளும் 1 நாளும் நீடிக்கும். பெயரோ பொதுப் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும்.

அவ்வாறாயின் வேறு வழி யாது? வேலையிழப்பு, நோய் முதலியவற்றால் இடருற்றவர், தவணையைக் குறைக்கவோ ஒத்திவைக்கவோ வங்கியிடம் கோரலாம். வங்கி 21 நாட்களுக்குள் பதிலளிக்கவோ மேலதிக விவரம் கேட்கவோ வேண்டும். மறுத்தால் காரணம் கூறவேண்டும்.

வங்கி மறுத்தபின் என்ன செய்யலாம்? ஆஸ்திரேலிய நிதிசார் முறைப்பாட்டு ஆணையத்திடம் கட்டணமின்றி முறையிடலாம். விசாரணை முடியும்வரை வங்கி பொதுவாக வீட்டைக் கைப்பற்ற முனையக்கூடாது. நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

கால அவகாசம் எவ்வளவு? தவணை தவறிய அறிவித்தல் கிடைத்தபின் நிலுவையைச் செலுத்தக் குறைந்தது 30 நாட்கள் உண்டு. வழக்குப் பத்திரம் கையளிக்கப்பட்டால், நியூ சவுத் வேல்ஸில் எதிர்வாதம் பதிவுசெய்ய 28 நாட்கள் உண்டு.

கடிதங்களைப் பிரிக்காது ஒதுக்கிவைப்பவர் இழப்பது இந்நாட்களையே. வெட்கத்தால் வாளாவிருத்தல் வேண்டா. தேசியக் கடன் உதவிச் சேவை 1800 007 007 என்னும் எண்ணில் இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவோர் 131 450 என்னும் எண்ணை முதலில் அழைக்கலாம்.