லெம்போங்கானில் பத்து சென்ட்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு வாழ்க்கை" என்று தலைப்புக் கொடுத்து, பத்து நிமிஷம் பேசச் சொன்னார் செயலாளர். காலையில் கான்டீனில் ஓர் இறுதியாண்டு மாணவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், பாலியில நிலம் வாங்கிப் போட்டா நல்ல லாபமாமே, நிஜமா?" அவருக்குப் பதில் சொல்வதையே உரையாக வைத்துக்கொள்கிறேன்.

1994-ல் ஜாவாவில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனேன். சம்பளம் இந்தோனேசிய ரூபியாவில். 1997 நடுவில் ஒரு டாலருக்கு 2,400 ரூபியா சுமார். 1998 ஜனவரியில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. மூன்று வருஷச் சேமிப்பு, பாங்க் புத்தகத்தில் எண் மாறாமல் இருக்க, கால்வாசியாகக் கரைந்துபோயிற்று. அன்று முதல் எனக்கு ஒரே பைத்தியம்: காசாக வைக்கக்கூடாது, மண்ணாக வைக்கணும்.

அந்தப் பைத்தியத்தோடுதான் 2009-ல் லெம்போங்கான் தீவுக்குப் போனேன். பாலிக்குத் தென்கிழக்கே, சானூர் கடற்கரையிலிருந்து விசைப்படகில் அரைமணி, முக்கால் மணி. தீவே எட்டு சதுர கிலோமீட்டர்தான். ஜுங்குத் பாத்து, லெம்போங்கான் என்று இரண்டு ஊர்கள். அப்போதெல்லாம் சானூரில் படகுத்துறை கிடையாது. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். 2022-ல்தான் துறைமுகம் திறந்தார்கள். 'கப்பல்' என்பதை அவர்களும் 'கபால்' என்கிறார்கள். நம்மிடமிருந்து போன சொல். அதைக் கேட்டதுமே சொந்த ஊர் மாதிரி ஒரு மயக்கம் வந்துவிட்டது எனக்கு. ஏமாறுகிறவனுக்கு முதலில் வருவது அதுதான்!

ஒரு தரகர் வந்தார். நல்ல பேச்சு. "வெளிநாட்டுக்காரர் பெயரில் பத்திரம் ஆகாது சார், உள்ளூர்க்காரர் ஒருத்தர் பெயரில் எழுதி, அவரிடம் தனியாக ஒரு ஒப்பந்தம் வாங்கிக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றார். ஐந்து கோடி ரூபியா அட்வான்ஸ் கொடுத்தேன். பயப்படாதீர்கள், நம் பணத்தில் அது இரண்டரை லட்சம் பக்கம். பிறகுதான் ஒரு நோட்டரி அம்மாளிடம் காகிதத்தைக் காட்டினேன். அங்கே நோட்டரிதான் நம் ஊர்ப் பத்திர எழுத்தர், வக்கீல் எல்லாம். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 1960-ஆம் வருஷ நிலச் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். 21-ஆம் பிரிவு: முழு உரிமையோடு நிலம் வைத்துக்கொள்வது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. 26-ஆம் பிரிவு இன்னும் கடுமை: அந்த உரிமையைச் சுற்றுவழியில் வெளிநாட்டாருக்குக் கொடுத்தால் அந்த வியாபாரமே செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. அட்வான்ஸ் போனது போனதுதான். தரகர் போனை எடுக்கவில்லை.

ஆகவே தம்பி, "வாங்கிப் போடலாமா" என்ற கேள்விக்குப் பதில்: வாங்க முடியாது. முடியும் என்று சொல்கிறவரிடம் டீ கூட வாங்கிக் குடிக்காதே.

முடிவது குத்தகை. அங்கே நிலத்தை 'ஆரே' கணக்கில் அளக்கிறார்கள். ஓர் ஆரே நூறு சதுர மீட்டர். 2010-ல் நாலு ஆரே, நம் பத்து சென்டுக்குக் கொஞ்சம் குறைவு, 25 வருஷத்துக்கு எடுத்தேன். மொத்தப் பணமும் முன்கூட்டியே தரணும், அதுதான் வழக்கம். பதினைந்து கோடி ரூபியா. மணலும் சிமெண்டும் படகில் வர வேண்டியதால் வீடு கட்ட அதைப்போல இரண்டு மடங்கு. பி.எஃப். முன்பணம், மனைவியின் நகையில் பாதி, எல்லாம் அதில். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பத்திரம் எழுதும்போது அதே நோட்டரி அம்மாள் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ஒன்று, நிலத்துக்காரர் மட்டுமல்ல, அவருடைய அண்ணன் தம்பிகளும் கையெழுத்துப் போடணும். பாலியில் சொத்து ஆண் வாரிசுகள் வழி போகும், நாளைக்கு ஒருவர் வந்து "எனக்குச் சொல்லவில்லை" என்பார். இரண்டாவது, பாதை. என் நிலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் பங்காளி நிலம் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. எஞ்சினியர்!

நிலத்துக்காரர் பெயரைச் சொல்லி உங்களுக்குப் பயனில்லை. அங்கே முதல் பிள்ளை வாயான், அடுத்தது மாடே, நியோமான், கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கால்வாசி ஊர் திரும்பும். என் பணத்தை வாங்கி அவர் செய்த முதல் காரியம், தகப்பனாரின் தகனச் சடங்கை முறைப்படி நடத்தியது. மீதியில் ஒரு படகு.

அவர்களும் இந்துக்கள்தானே என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். படையலில் பன்றி உண்டு. சைவமான என் மனைவி சட்னி என்று நம்பித் தொட்ட சம்பலில் இறால் விழுது. நியெபி நாளில் 24 மணி நேரம் விளக்கு கிடையாது, படகு கிடையாது, பாலி விமான நிலையமே மூடிவிடும். ராத்திரி நெஞ்சு வலித்தால் படகு விடியும்வரை காத்திருக்கணும். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரின் பழைய தொழில் கடல்பாசி. 1980-களில் வந்தது. நம் மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூங்கில் மிதவையில் வளர்க்கிற கப்பாபைகஸ் பாசியேதான். பற்பசைக்கும் ஐஸ்கிரீமுக்கும் கெட்டிப்படுத்தப் போவது. சுற்றுலா பெருகியதும் நோவும் தாக்கியதும் சேர்ந்து, நான் ஓய்வு பெற்று 2017-ல் அங்கே தங்கப் போனபோது பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். நிலத்துக்காரர் பக்கத்திலேயே இரண்டு அறை கட்டிப் பயணிகளுக்கு விட்டார். எனக்கு அதில் பங்கு இல்லை. தங்கத்தான் என் விசா. ஒரு கிளாஸ் டீ விற்றாலும் அது வேலை.

2020 ஏப்ரலில் வெளிநாட்டாருக்குக் கதவடைத்தார்கள். அறைகள் காலி, படகுகள் நங்கூரத்தில். ஒரு மாதத்துக்குள் ஊரே பாசிக்குத் திரும்பிவிட்டது. கடல் வற்றும் நேரம்தான் வேலை நேரம்; அது நடுராத்திரியானால் தலையில் விளக்கு. நானும் மனைவியும் மரத்தடியில் உட்கார்ந்து கயிற்றில் நாற்றுப் பாசி முடிந்தோம். நாற்பது நாளில் அறுவடை. ஏழெட்டு கிலோ காய்ந்தால் ஒரு கிலோ.

ஒருநாள் சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தார். 2035-க்கு மேல் இன்னொரு 25 வருஷம் எழுதித் தருகிறேன், ஏழரைக் கோடி கொடுங்கள் என்றார். பத்து வருஷத்துக்கு முன் நான் கொடுத்ததில் பாதி. அப்போதைய சந்தை விலையோ பல மடங்கு. சிங்கப்பூரிலிருந்து மகன் போனில், "அப்பா, யோசிக்காம போடுங்க" என்றான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் கால்குலேட்டரை எடுத்துவிட்டேன். மனைவிதான் சமையல்கட்டிலிருந்து, "அவர் வயிறு காயறப்ப வெல பேசாதீங்க. கடனாக் குடுங்க" என்றாள்.

நாலு கோடி ரூபியா கொடுத்தேன், காகிதம் இல்லாமல். 2023-ல் கடைசித் தவணை வந்தது, ஒரு பொட்டலம் காய்ந்த பாசியோடு. கெடுவை நீட்டும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மகனுக்கு இன்னும் கோபம். அவன் கணக்கில் தப்பே இல்லை. அந்தப் பணத்தை இங்கே பாங்கில் போட்டிருந்தாலே மும்மடங்கு ஆகியிருக்கும். எனக்கு வந்த வரவு பூஜ்யம். 2035-ல் வீடும் அவரோடு போய்விடும். அப்போது எனக்கு 76 வயது.

அதுவரை இரண்டு அறை இருக்கிறது. வகுப்புத் தோழர்கள் யார் வந்தாலும் வாடகை இல்லை. சானூரில் மாலைப் படகைத் தவற விடாதீர்கள். ரசப்பொடி மட்டும் கொண்டு வாருங்கள், அது அங்கே கிடைப்பதில்லை.