பதவியில்லாத் தலைமை

அக்கராயன் குளத்தின் துருசு திறக்கப்படும் நாளில் நீர் எல்லா வயல்களையும் ஒருங்கே சென்றடைவதில்லை. வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயல் முதலில் நனைகின்றது. கடைசி வயல் காத்திருக்கின்றது. காலபோகத்தில் மாரி மழை துணைநிற்பதால் இவ்வேற்றுமை பெரிதாய்த் தோன்றாது. சிறுபோகத்திலோ குளத்து நீரே கதி. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் நீர் விடுவது என்பவற்றைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கின்றது. ஆயினும், நள்ளிரவில் முறைதவறி மடை வெட்டும் கையைத் தடுக்க அத்தீர்மானம் எழுந்து வருவதில்லை. அவ்வேளை அங்கே தலைவர் யார்?

முன்னாளில் இதற்கு விடை எளிது. வேல் விதானை என்றொரு பதவி இருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. பதவி மறைந்தது, 'மேலிடத்தார் பார்த்துக்கொள்வர்' என்னும் எண்ணமோ எளிதில் மறையவில்லை.

இவ்வெண்ணம் மாறக்கூடியதே என்பதற்குக் கல்லோயா இடதுகரை சான்றாகும். கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, 1981ஆம் ஆண்டில் இளம் பட்டதாரிகளை அங்கே ஒழுங்கமைப்பாளராக அனுப்பின. அவ்வாண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் ஏறத்தாழக் காற்பங்கே நிறைந்திருந்தது. துருசைத் திறக்கும் உரிமையோ தண்டம் விதிக்கும் அதிகாரமோ அவ்விளைஞருக்கு இல்லை. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் கமக்காரரை ஒன்றாய் அமர்ந்து பேசச் செய்தனர், அவ்வளவே.

சில வாரங்களுக்குள் கமக்காரர் தாமே வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கீழேயுள்ளோருக்கு விட்டனர். மேற்பகுதியிலிருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைப்பகுதியில் தமிழரும் இருந்தனர். இவ்வனுபவத்தைப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொப் 1992ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. களவாய் நீர் பாய்ச்சுவதை அதிகாரம் ஓரளவு தடுக்கலாம். தனக்கு எளிதிற் கிடைக்கும் நீரை அயலானுக்கு விட்டுக்கொடுக்கும்படி எந்த அதிகாரமும் ஒருவனை மனமுவக்கச் செய்யவியலாது. தலைப்பு வயற்காரன் ஒருவன் தன் மடையை முதலில் அடைப்பானாயின், அடுத்தவன் தன் மடையைத் திறந்து வைத்திருக்க நாணுவான். தலைமையின் அடையாளம் இதுவே: பிறரை ஏவுமுன் தான் இழக்க முன்வருதல். அலுவலகச் சிற்றூழியனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

ஆயினும், பதவியில்லாதார் பொறுப்பேற்பது பதவியுடையார் கடமை தவறுவதற்குச் சாட்டாகாது. தூர்ந்த குளத்தை ஆழமாக்குவதும் பழுதுற்ற துருசைத் திருத்துவதும் திணைக்களத்தின் கடன். கமக்காரன் பொறியியலாளனாக வேண்டியதில்லை. தன் வாய்க்காலுக்கு உரியவனாக இருந்தாற் போதும்.

2008ஆம் ஆண்டில் ஊரைவிட்டுப் பெயர்ந்து, போரின் பின் மீண்டு வந்து விதைத்த அக்கராயன் மக்களுக்கு ஒரு போகத்தின் விளைவு என்பது சிறு காரியமன்று. கடைசி வயலில் நெல் முற்றுகின்றதா, கருகுகின்றதா என்பதைத் தலைப்பு மடையில் நிற்பவனின் மனமும் தீர்மானிக்கின்றது. அவனுக்குப் பதவிப் பெயர் எதுவுமில்லை. மண்வெட்டி மட்டுமே உண்டு.