எஸ். வி. ரங்காராவ்: இரு மொழிகளின் கலைஞர்



நடிகர் எஸ். வி. ரங்காராவ் 1974-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. அரை நூற்றாண்டு கடந்த பின்னும், அயலூரில் வாழும் நம் சங்கம் அவரை நினைவுகூரத் தக்க காரணம் உண்டு.

கிருஷ்ணா மாவட்டத்து நூஜிவீட்டில் 1918-இல் பிறந்த அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. தீயணைப்புத் துறையில் பணி புரிந்தவர். 1947-இல் வெளிவந்த முதற்படமான 'வரூதினி' தோல்வியுறவே, ஜாம்ஷெட்பூர் சென்று டாட்டா நிறுவனத்தில் வேலைக்கமர்ந்தார். நம்மைப் போன்றே பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் சென்றவர் அவர்.

கலை அவரை மீண்டும் அழைத்தது. 'பாதாள பைரவி'யில் (1951) மந்திரவாதியாகவும், 'மாயாபஜா'ரில் (1957) கடோத்கஜனாகவும் தோன்றித் தெலுங்கு, தமிழ் இரு மொழியினரையும் ஒருங்கே கவர்ந்தார். 'நர்த்தனசாலா'வில் (1963) ஏற்ற கீசகன் வேடம், ஜகார்த்தாவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை அவருக்கு ஈட்டித் தந்தது.

அரக்கனாக இடிபோல் முழங்கிய அதே குரல், குடும்பக் கதைகளில் தழுதழுத்தது. 'படிக்காத மேதை'யில் (1960) செல்வமிழந்த பெரியவர். 'கற்பக'த்தில் (1963) மகளைப் பறிகொடுத்த பின்னும் மருமகனைத் தன் மகனாகவே பேணும் தந்தை. பெருத்த உடலும் கம்பீரமும் மாறவில்லை. பார்வையும் பேச்சின் ஏற்ற இறக்கமுமே ஆளை மாற்றிவிட்டன. மிகையின்றித் துயரத்தைக் காட்டியதால், அவர் அழுதபோது நம் வீட்டுப் பெரியவரே அழுவதாக உணர்ந்தோம்.

அன்பர்களே! தமிழைத் தம் குரலிலேயே பேசித் தமிழ்க் குடும்பத்தின் தந்தையாக விளங்கிய அவர், தெலுங்கை ஒருநாளும் கைவிட்டாரில்லை. 'சதரங்கம்', 'பாந்தவ்யாலு' என்னும் தெலுங்குப் படங்களைத் தாமே இயக்கவும் செய்தார். பிற மொழியைக் கற்பதற்குத் தாய்மொழியை விலையாகக் கொடுக்க வேண்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நம் பிள்ளைகள் இவ்வூர் மொழியைச் செம்மையாகப் பேசட்டும். அது கண்டு மகிழ்வோம். ஆனால் வீட்டுக்குள் பாட்டியின் கேள்விக்குத் தமிழில் விடை கூற அவர்கள் தடுமாறினால், அக்குறை நம்முடையதே. இன்றிரவு அவர்களை அருகமர்த்தி 'மாயாபஜார்' காட்டுங்கள். தமிழிலேயே கதை சொல்லுங்கள். அக்கலைஞருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவாகட்டும்.