தேக்சாவும் ஃபார்வர்டும்

(நம் அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, ஆலிம் பெருமக்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஒரு கண்ணால் என்னையும் ஒரு கண்ணால் போனையும் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே!

கல்வி உதவித்தொகை பற்றிப் பேசச் சொன்னார்கள். அதன் விவரம் எல்லாம் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் இன்று நம் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிப் பேசப் போகிறேன். நாம் நேரில் பார்த்துக்கொள்வதைவிட அதில்தான் அதிகம் பார்த்துக்கொள்கிறோம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவும் சரியாகப் போய்விடுகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் ஜும்ஆவுக்கே ஓடி வந்து ஓடிப் போகிறார். இதில் பக்கத்துத் தெருக்காரரை எங்கே விசாரிப்பது?

ஒரு வாரம் அந்தக் குழுவில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். ஃபஜ்ருக்கு முன்பே ரோஜாப்பூப் படத்தோடு ஸலாம். ஆறு மணிக்கு ஒரு சகோதரி, "நம்ம வீதியில தண்ணி வந்துடுச்சு" என்று போடுகிறார். நம் ஊரில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஓவர்லாக்கில் உட்காரக் கிளம்பிய இன்னொரு பெண், அந்த ஒரு வரியால் பத்து நிமிடம் நின்று குடத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போகிறாள். மத்தியானம், "காதர்பேட்டையில ஒரு பர்ஸ் கிடந்துச்சு, உள்ளே போட்டோ இருக்கு, யாருடையது?" ராத்திரி, "பி நெகட்டிவ் ரத்தம் அவசரம்." வெள்ளிக்கிழமை, "பொண்ணு பார்க்க வர்றாங்க, பெரிய தேக்சா யார்கிட்டயாவது இருக்குமா?"

இந்தத் தேக்சாவைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். திருக்குர்ஆனின் 107-வது சூராவுக்குப் பெயரே அல்மாஊன். நம் பிள்ளைகள் மக்தபில் முதலில் மனனம் செய்கிற சூராக்களில் ஒன்று. மாஊன் என்றால் என்ன? இப்னு மஸ்ஊத் (ரலி) போன்ற ஸஹாபாக்கள் கொடுத்த விளக்கம், அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் இரவல் கொடுக்கும் சட்டி, வாளி, கோடாலி மாதிரியான சாமான்கள் என்பது. ஜகாத் என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. அநாதையை விரட்டுபவனையும் தொழுகையில் கவனமில்லாதவனையும் கண்டிக்கிற சூரா, கடைசியில் இரவல் சாமானை மறுப்பவனிடம் வந்து நிற்கிறது. கோடி ரூபாய் ஆர்டரை இழந்தவனை அல்லாஹ் கேட்பானோ என்னவோ, தேக்சாவை மறுத்தவனைக் கேட்பான் என்பது இந்த ஊர் முதலாளிகளுக்கும் சேர்த்துத்தான்.

சரி, இதே போனில் வருகிற மற்றொன்றுக்கு வருகிறேன்.

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம். அதில் 65 வயது அம்மா ஒருவர், வழியில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று அந்தப் பகுதி முழுக்க வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே புரளி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். அவர் செய்தது ஒரு சின்ன அன்பு, அவ்வளவுதான். நாட்டில் இப்படிப் பல உயிர்கள் போன பிறகுதான், அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் கம்பெனி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், அதிகம் சுற்றிவந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது.

அது எங்கோ நடந்தது என்றால், 2023 மார்ச்சில் நம் ஊரிலேயே பார்த்தோமே! பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, இரண்டு வீடியோவுமே பொய்யாகப் பரப்பப்படுகிறது, முன்பு திருப்பூரிலும் கோவையிலும் நடந்த வேறு சண்டைகள் அவை என்று விளக்கினார். திருப்பூரில் நடந்தது வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு இங்கேயே வந்து கம்பெனி கம்பெனியாகப் பேசிப் பார்த்தது. ஹோலிக்காகக் கிளம்பியவர்களோடு பயந்து கிளம்பியவர்களும் ரயில் நிலையத்தில் நின்றார்கள்.

அந்த வாரம் நான் பார்த்த ஒன்று. நம் மஹல்லாவில் மெஸ் நடத்தும் ஒரு பாய், வீட்டில் உருது பேசுபவர். சாப்பிட வந்த பையன்களின் போனை வாங்கி, வீடியோ காலில் அவர்களுடைய தாய்மார்களிடம் பேசினார். "அம்மா, உங்க மகன் இதோ ரொட்டி சாப்பிடுறான், தெருவைப் பாருங்க" என்று போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எத்தனை வீட்டுக்குப் பேசினாரோ! எதையும் குழுவில் போடவில்லை. அவர் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1925-ல் குலாம் காதர் சாயபு இந்த ஊரில் பின்னல் மிஷினை இறக்கிய நாளிலிருந்து திருப்பூர் வந்தவர்களால் வளர்ந்த ஊர். நம்மில் பாதிப் பேருக்குப் பாட்டனார் ஊர் வேறு.

புரளி புதிதில்லை. மதீனாவில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதே அவதூறு கிளம்பியது. ஏறத்தாழ ஒரு மாதம் அது வாய்க்கு வாய் போனது. அப்போது அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களிடம் அவர் மனைவி, ஜனங்கள் பேசுவதைக் கேட்டீர்களா என்று கேட்கிறார். நீ இருந்தால் அப்படிச் செய்வாயா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். மாட்டேன் என்கிறார் மனைவி. உன்னைவிட ஆயிஷா மேலானவர் என்று சொல்லி முடித்துவிட்டார். சீரா நூல்களில் வருகிற சம்பவம் இது. ஒரு வீட்டுக்குள் வந்த செய்தி, அந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

அந்த அவதூறைப் பேசியவர்களில் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். அவர் யார்? அபூபக்ர் (ரலி) அவர்களின் தாய்வழி உறவினர், ஏழை, முஹாஜிர், பத்ரில் கலந்துகொண்டவர். அவர் சாப்பாட்டுக்கே அபூபக்ர்தான் கொடுத்து வந்தார். யோசித்துப் பாருங்கள், நாம் மாதா மாதம் அரிசி கொடுக்கிற வீட்டுக்காரர் நம் மகளைப் பற்றியே தெருவில் பேசினால்? இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்னையிடம் இந்தச் செய்தியை முதலில் சொன்னது மிஸ்தஹின் தாயார். நடக்கும்போது உடை தடுக்கி, மிஸ்தஹ் நாசமாகட்டும் என்று சொந்த மகனைச் சபித்தார். விஷயம் தெரியாத ஆயிஷா (ரலி) அவர்கள், பத்ரில் கலந்துகொண்டவரையா ஏசுகிறீர்கள் என்று அவருக்காகப் பரிந்து பேசினார்கள். தன்னைப் பற்றி அவர் என்ன பேசினார் என்பதைக் கேட்டது அதன் பிறகுதான்.

அன்னையின் தூய்மையை அறிவித்து வசனம் இறங்கியதும், இனி மிஸ்தஹுக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். நியாயமான கோபம்தானே? அப்போதுதான் சூரா நூரின் 22-வது வசனம் இறங்கியது. வசதியுள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்து விடட்டும் என்ற கருத்து. அபூபக்ர் (ரலி) நிறுத்திய உதவியை மறுபடி தொடங்கி, இனி நிறுத்தவே மாட்டேன் என்றார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உதவிப் பட்டியல் தயாரிக்கும்போது எனக்குத் தனியாகச் செய்திகள் வருகின்றன. "அவர் அப்பவே நம்மை எதிர்த்துப் பேசினவர்." "அவர் குழுவை விட்டு லெஃப்ட் ஆனவர், அவருக்கு எதுக்கு?" 2022-லிருந்து ஒருவர் குழுவை விட்டு வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆகவே யார் யார் போனார்கள் என்ற அறிவிப்பு அட்மின்களிடமே நிற்க வேண்டும். அது மறுநாள் டீக்கடை வரை எப்படிப் போகிறது என்று எங்கள் கமிட்டிக்காரர்களை நானே கேட்டுவிட்டேன். பார்த்தும் பதில் போடவில்லை, எனக்கு மட்டும் ஆமீன் போடவில்லை என்று புதுப்புதுக் காரணங்கள் வேறு. மூன்று நாளைக்கு மேல் பேச்சை நிறுத்த நமக்கு அனுமதியில்லை, முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாம் மூன்று வருஷக் கணக்கு வைத்திருக்கிறோம்.

நமக்குத் தெரிந்த இருவர். பெயர் வேண்டாம், இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கூட்டாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்தியவர்கள். ஒரு சரக்கு ரிஜெக்ட் ஆனதில் பிரிந்து பத்து வருஷமாகப் பேச்சில்லை. இருவரும் குழுவில் இருக்கிறார்கள். போன வருஷம் ஒருவருடைய மனைவி மௌத்தானார். குழுவில் இருநூறு பேர் இன்னாலில்லாஹி போட்டார்கள். அந்த இன்னொருவர் போடவில்லை. ஆனால் மூன்று நாளும் மையித்து வீட்டுக்குச் சாப்பாடு போனது. ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது அவர் வீட்டாருக்குச் சமைத்துக் கொடுக்கச் சொன்ன நபிவழி அது. யார் கொடுத்தது என்று கேட்டால், கொண்டுவந்த பையன், "சொல்லக் கூடாதுன்னாங்க" என்றான். கேரியரின் அடியில் பழைய யூனிட்டின் பெயர் பொறித்திருந்தது. இருவரும் இன்றும் உட்கார்ந்து பேசுவதில்லை. பள்ளிவாசல் படியில் ஸலாம் மட்டும் ஓடுகிறது. எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது.

கமிட்டி முடிவு செய்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். உதவி வாங்குபவரின் முகம் தெரியும் படம் இனி குழுவில் வராது. சொல்லிக் காட்டி ஸதகாவைப் பாழாக்க வேண்டாம் என்பது அல்பகராவின் 264-வது வசனத்தில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத வீடியோவைப் போட்டால் அட்மின் நீக்குவார், அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொடுக்கல் வாங்கல் தகராறு உள்ளவர்கள் குழுவில் எழுதாமல் ஞாயிறு இஷாவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம், இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். பேசியது வெளியே போகாது.

இன்னொன்று. அறக்கட்டளையின் பெரிய தேக்சா திரும்பி வந்துவிட்டது, மூடி இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று குழுவில் கேட்க மாட்டேன். மதரஸா பின் அறையில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

வஸ்ஸலாமு அலைக்கும்.