இஞ்சின் பழுதும் நம் வெட்கமும்



தோட்டத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டால், அதைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். பத்துப் பேரும் ஆளுக்கொரு நோயைச் சொல்வார்கள். "பிளக் போயிருக்கும்" என்பார் ஒருவர். "கார்புரேட்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும்" என்பார் இன்னொருவர். வண்டிக்காரரோ, மனைவிக்கு முன்னாலும் மைத்துனருக்கு முன்னாலும் தமக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வராமல், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அப்படி உட்கார்ந்த ஒருவரை நான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டுத் தொடங்கினார். கார்புரேட்டரைப் பிரித்தார், கழுவினார், ஊதினார், மீண்டும் பூட்டினார். உதைத்து உதைத்துக் கால் வலி கண்ட பிறகு, அவருடைய ஆறு வயது மகள் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, இது மட்டும் ஏன் இந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்று கேட்டாள். பெட்ரோல் திருகு காலையிலிருந்தே மூடியிருந்தது. திறந்துவிட்டு உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் சாமான்களைப் போட்டு வைத்த பால் டின்னின் அடியில் இரண்டு வாஷர்கள் மிஞ்சிக் கிடந்தன. அவற்றை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

திருகை மறந்ததனால் ஒரு காலைப் பொழுதுதான் வீண். பைக்குள் போன அந்த வாஷர்கள் விஷயம் வேறு. ஒரு தோட்டத்துப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து வேலை பழகியவன் என்ற முறையில், இப்படிப்பட்ட பிழைகள் சிலவற்றை இன்று உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன். இவற்றுள் சில நானே செய்தவை.

நம் மக்களிடம் மிகுதியாகப் புழங்குவது 'கப்சாய்' என்று நாம் சொல்லும் சிறிய மோட்டார்தான். 1958இல் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்த ஹோண்டா கப் வண்டியின் வழியில் வந்தது இது. 2017ஆம் ஆண்டுக்குள் அந்தக் கப் வண்டிகள் மட்டும் உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. அந்த இஞ்சினில் ஒரே எண்ணெய்தான் இஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. பழைய 70 சிசி வண்டிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் போதும். ஆனால் எண்ணெய் ஒரு லிட்டர் டின்னில் வருகிறது. காசு கொடுத்து வாங்கியதை மிச்சம் வைப்பானேன் என்று டின்னைக் கவிழ்த்துவிடுகிறோம்! பிறகு வண்டி புகைகிறது, இழுவை குறைகிறது, எண்ணெய் கசிகிறது. உடனே "கம்பெனி எண்ணெய் சரியில்லை" என்று பேச்சு. இன்னும் சிலர், டூ ஸ்ட்ரோக் மோட்டார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி ஊற்றுவார்கள். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போவதற்கென்றே செய்த எண்ணெய். கப் இஞ்சினின் வயிற்றில் அதற்கு வேலையில்லை.

காரில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. பின்சக்கரம் இழுக்கும் பழைய கார்களின் அடியில் படுத்துப் பார்த்தால் இஞ்சினுக்கு ஒரு வடிகால் திருகும் கியர் பெட்டிக்கு ஒரு வடிகால் திருகும் தனித்தனியே தெரியும். என் நண்பன் ஒருவன் கியர் பெட்டித் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டு, புது எண்ணெயை இஞ்சினில் ஊற்றிவிட்டான். ஒன்று காலி, மற்றொன்று இரட்டிப்பு. அளவுகோலை இழுத்துப் பார்த்தபோது எண்ணெய் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. "அளவுகோல் தப்பு" என்றான்.

பிளக் மாட்டுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கப் வண்டியின் பிளக் மரை 10 மில்லிமீட்டர் தடிப்புத்தான். அது போய் உட்கார வேண்டிய தலைப்பகுதி அலுமினியம். பிளக் எஃகு. கோணலாக வைத்து ஸ்பேனரால் முறுக்கினால் எஃகு வென்றுவிடும், அலுமினியம் கிழிந்துவிடும். முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே போகவேண்டும். விரலுக்கு இறுகினால் ஸ்பேனரைத் தேடாதீர்கள், கழற்றி மறுபடி வையுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் திறக்கிறார்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் 100 பாகைக்கு மேல் சூடேறியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. அந்தக் கணமே அது பொங்கி முகத்தில் அடிக்கும். மேலே துணியைப் போட்டுத் திறப்பது தைரியமல்ல. அரை மணி நேரம் மர நிழலில் உட்காருங்கள்.

இவற்றையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது வீட்டு வாசலில் நடக்கும் பஞ்சர் வேலை. பின் சக்கரத்தைக் கழற்ற மூன்று இடத்தில் கை வைக்கிறோம். அச்சு நட்டு, பிரேக் கம்பியின் நட்டு, பிரேக் தட்டைச் சட்டத்தோடு பிடித்து நிற்கும் சிறிய இரும்புப் பட்டை. முதல் இரண்டும் மறக்காது. அச்சு நட்டு இல்லாமல் சக்கரம் நிற்காது, கம்பி இல்லாமல் பிரேக் பிடிக்காது. அந்தப் பட்டை மட்டும் பூட்டாவிட்டாலும் வண்டி ஓடும். மெதுவாக மிதித்தால் பிரேக் பிடிப்பது போலவும் இருக்கும். என்றைக்காவது மாடு குறுக்கே வந்து ஓங்கி மிதிக்கும்போது, சக்கரத்தோடு சேர்ந்து பிரேக் தட்டும் சுழன்று, கம்பியைப் பிய்த்து, சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும். தாய்மார்களே, வீட்டில் பின் சக்கரம் கழற்றிப் பூட்டினால், "அந்தப் பட்டையைப் பூட்டியாச்சா, பின் குத்தியாச்சா?" என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

படிக்காதவர்கள்தாம் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட ஒரு விமானத்தில் நடுவானில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தலைமை விமானியின் உடம்பில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி விமானத்தை இறக்கினார். தலைமை விமானியும் உயிர் பிழைத்தார். விசாரணையில் தெரிந்தது என்ன? முதல் நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அனுபவம் மிக்க ஒருவர், கழற்றிய திருகாணியைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தே புதியவற்றை எடுத்திருந்தார். 90 திருகாணிகளில் 84 தடிப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு மெலிந்தவை. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. இதையெல்லாம் எண்ணி, அளந்து, 1992இல் அறிக்கையாக அச்சிட்டு உலகத்துக்கே கொடுத்தார்கள். நம் ஆள் இரண்டு வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இனி என் கதை. 1974இல் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பட்டறைக் கையாளாக இருந்தேன். வயது பதினேழு. பட்டறைக்குப் பொறுப்பானவரைப் பெரிய பிட்டர் என்று எல்லோரும் அழைப்போம். தோட்டத்து லாரிதான் காலையில் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும், பிறகு பால் ஏற்றும். மேட்டு லயத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை ஒரே இறக்கம். பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு.

ஒரு நாள் மாலை பெரிய பிட்டர் ஆலை இஞ்சினைப் பார்க்கப் போகும்போது, "லாரியில பிரேக் எண்ணெய் குறைஞ்சிருந்தா நிரப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தேன், குறைந்திருந்தது. பிரேக் எண்ணெய் டின்னைக் கவிழ்த்தேன், நாலு சொட்டுத்தான் விழுந்தது. ஸ்டோரும் பூட்டியாகிவிட்டது. எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று இஞ்சின் எண்ணெயில் அரைக் குவளை ஊற்றி மூடினேன். டிரைவர் வந்து லாரியைக் கொட்டகைக்கு ஓட்டிப் போனார்.

அந்தக் காலி டின்னை ஆணி போட்டு வைக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் தங்கை இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், அதில் இருந்த ஆங்கில எழுத்துகளை வாசித்தாள். "அண்ணே, இதோட மினரல் ஆயில் கலக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. மினரல் ஆயில்னா என்ன?" என்று கேட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பால் மரத்தோடு வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஒட்டுப்பாலில் ஒரு துண்டையோ காய்ந்த ரப்பர் ஷீட்டின் ஓரத்தையோ மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டுப் பாருங்கள். காலையில் அது ஊறிய கொண்டைக்கடலை போல உப்பி, நசுக்கினால் பிய்ந்துவிடும். பிரேக்குக்குள் எண்ணெயைத் தள்ளுவது சிறிய ரப்பர் கிண்ணங்கள். பிரேக் எண்ணெய் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய் அல்ல. அந்த ரப்பரைக் கெடுக்காதபடி தனியாகச் செய்த திரவம். இஞ்சின் எண்ணெய் பட்டால் கிண்ணம் உப்புகிறது. முதலில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு சூடேறும். பிறகு ரப்பர் நைந்து கிழியும். அப்போது மிதித்தால் கட்டை தரைவரை போகும், வண்டி நிற்காது. இன்றைய கப்சாய்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உள்ளவற்றுக்கும் இதே கதைதான். புட்டியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும். மூடியிலும் எது வேண்டும் என்று எழுதியிருக்கும். தவறி வேறு எண்ணெய் ஊற்றிவிட்டால், வடித்துவிட்டு ஓட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ரப்பர் சாமான்கள் அத்தனையையும் மாற்றியாக வேண்டும்.

அன்றிரவு எனக்கு இவ்வளவும் தெரியாது. ஆனால் தங்கை மறுநாள் காலை அந்த லாரியில்தான் ஏறுவாள் என்பது தெரியும். மனம் பல கணக்குப் போட்டது. அரைக் குவளைதானே, ஒன்றும் ஆகாது. விடியற்காலை யாருக்கும் தெரியாமல் வடித்துவிடலாம். சொன்னால் வேலை போய்விடும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கை வைக்காமல் உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டார். கேட்டார், சொன்னேன். அம்மாவுக்கு பிரேக்கும் தெரியாது, கிளட்சும் தெரியாது. "எழுந்திரு. அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வா. சோறு மூடி வைக்கிறேன்" என்றார்.

பெரிய பிட்டர் வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி எட்டு இருக்கும். "அண்ணே, பிரேக் எண்ணெய் இல்லைன்னு இஞ்சின் எண்ணெயை ஊத்திட்டேன்" என்றேன். அவர் திட்டவில்லை. "ஊத்தினதுக்கு அப்புறம் யாராவது பிரேக்கை மிதிச்சாங்களா?" என்று கேட்டார். டிரைவர் கொட்டகைக்கு ஓட்டிப் போனதைச் சொன்னேன். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூடியைத் திறந்து, விரலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொன்னார். டிரைவர் வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் பிள்ளைகள் நடந்து போனார்கள். பாலை டிராக்டர் இழுத்தது. இரண்டு நாள் லாரி நின்றதற்குத் துரை போட்ட சத்தம் பட்டறை வரை கேட்டது. பெரிய பிட்டர், "டின் தீர்ந்ததை எழுதி வைக்காதது என் தப்பு" என்றார். அது உண்மையும்கூட. குழாய்களையெல்லாம் ஸ்பிரிட்டால் கழுவி, நான்கு சக்கரத்துக்கும் புது ரப்பர் போட்டோம். கழற்றிய கிண்ணம் ஒன்றைப் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது புதியதற்குள் நுழையாது, அவ்வளவு பெருத்திருந்தது. "மாத்தி ஊத்தினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலடா தம்பி. எட்டு மணி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தே பாரு" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேசாமல் ஸ்பேனரை நீட்டினார்.

மூன்றாம் நாள் காலை என்னை லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பின்னால் பிள்ளைகள், அவர்களுக்குள் என் தங்கை. மேட்டு லயம் கடந்து, இறக்கத்தில் வேகம் கூடியது. வளைவு வந்ததும் டிரைவர் பிரேக்கை மிதித்தார். என் காலும் வெறும் தகரத்தை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது. லாரி வேகம் குறைந்து பாலத்தில் ஏறியது.